பாத்திரம் என்று எழுதிய பெட்டி

காலை ஏழே காலுக்கு வக்கீல் போன் செய்தபோது கிரேன் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் நாற்காலிமேல் போட்டிருந்தான். பதினான்கு மாதமாக அவன் பொழுது இப்படித்தான் விடிகிறது. பல் துலக்குவதற்கு முன்னால் முதுகுக்கு இருபது நிமிடம் கப்பம் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் அது அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

"அண்ணே, இன்சூரன்ஸ்காரங்க இறங்கி வந்துட்டாங்க!" என்று கத்தினாள் வக்கீல். சின்னப் பெண், நல்ல செய்தி என்றால் குரல் தானாக மேலே போய்விடும். "ஆபரேஷன் செலவு மொத்தமும் அவங்களோடது. அதுக்கப்புறமும் முதுகுக்கு என்ன வைத்தியம்னாலும் ஆயுசுக்கும் அவங்க பொறுப்பு. பதினொரு மணிக்குத் தொழிலாளர் ஆணையர் முன்னாடி கையெழுத்து. அண்ணியையும் கூட்டிட்டு வந்துடுங்க."

கிரேன் எழுந்தான். எழுந்தான் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அது ஒரு தனி வேலை. முதலில் வலப்பக்கம் புரள வேண்டும், அப்புறம் முழங்கையை ஊன்ற வேண்டும், அப்புறம் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்க வேண்டும். அவன் பாதி எழுவதற்குள் அவன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"என்னங்க? யாரு போன்ல?"

"ஒத்துக்கிட்டாங்க."

"எதை?"

"எல்லாத்தையும்!"

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து, "அப்பாடா" என்றாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக ஓடிப்போய் அவனுடைய வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். சட்டை ஏற்கெனவே இஸ்திரி போட்டதுதான். அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார். முதுகெலும்பின் அடியில் இரண்டு தட்டுகள் நசுங்கி நரம்பை அழுத்துகின்றன; இரண்டு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் இடது கால் மரத்தது மரத்ததுதான், திரும்ப வராது. இப்போதே அந்தக் காலில் செருப்பு கழன்று போனால் அவனுக்குத் தெரிவதில்லை. நாலு எட்டு நடந்த பிறகு யாராவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் செலவைக் கேட்டபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் விற்பதற்கு என்று இருந்தது அவளுடைய தையல் மெஷின் ஒன்றுதான். ஆக, இன்றைய கையெழுத்து என்பது வேறு எதுவும் இல்லை, அவனுடைய இடது கால்.

கிரேன் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடம் லோடுமேன். லிஃப்ட் வேலை செய்யாத ஒரு கட்டடத்தில், இரட்டைக் கதவு ஃபிரிட்ஜைத் தனியாளாக முதுகில் கட்டி நாலாவது மாடிக்கு ஏற்றினான். அன்று ஒட்டிய பெயர். மளிகைக் கடைக்காரர், தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகள், எல்லாருக்கும் அவன் கிரேன்தான். முதுகு போனதும் அந்தப் பெயரால்தான் என்பேன். ஒரு வாஷிங் மெஷினை இவனும் இன்னொருவனும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடிப் படியில் மெஷினைக் கட்டியிருந்த பட்டை அறுந்தது. மேலே இருந்தவன் கையை விட்டுவிட்டான். இவனும் விட்டுவிட்டு ஒதுங்கியிருந்தால் மெஷின் நொறுங்கியிருக்கும், போகட்டும் என்று இருந்திருக்கலாம். கிரேனாயிற்றே, எப்படி விடுவான்?

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஃபைல்கள் இருந்த துணிப்பைக்குக் கை நீட்டினான்.

"குடு, நான் எடுத்துக்கிறேன்."

"பேசாம வாங்க." அவள் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

பதினான்கு மாதமாக இதே பதில். அவள் சுமப்பாள், இவன் பக்கத்தில் நடப்பான். இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்றே அவனுக்குத் தெரிவதில்லை. பாக்கெட்டுக்குள் விடுவான், பின்னால் கட்டுவான், மறுபடியும் பாக்கெட்டுக்குள் விடுவான். திருடிவிட்டு வருகிறவன் மாதிரி நடக்கிறார் என்று அவள் கேலி செய்வாள். இன்று அதையும் செய்யவில்லை. அவள் கால் தரையிலேயே பாவவில்லை.

ஆணையரின் அறையில் ஒரு நீள மேஜை, எட்டு நாற்காலி, சுவரில் ஒரு டிவி. வக்கீல் வாசலிலேயே நின்று இருவருக்கும் கையாட்டினாள். மேஜையின் தலைப்பக்கம் ஆணையர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆள், கழுத்தில் டை, முகத்தில் சிரிப்பு. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் கிரேனுக்கு எங்கேயோ இடித்தது.

அங்குலம். கிரேன் வேலை பார்த்த கம்பெனியின் சூப்பர்வைசர். இதுவும் ஒட்டிய பெயர்தான். பீரோவையும் வாசலையும் ஒரு பார்வை பார்த்து, "அரை அங்குலம் இடிக்கும், கதவைக் கழட்டு" என்பார். கழற்றிப் பார்த்தால் அரை அங்குலம்தான். புதிதாக வேலைக்குச் சேருகிறவனை முதல் நாள் முழுக்க உட்கார வைத்துப் பன்னிரண்டு விதி சொல்லிக் கொடுப்பார். கண்ணாடிச் சாமான் பெட்டிக்கு நாலு பக்கமும் சிவப்பு அம்பு. காலிப் பெட்டியை ஒட்டினால் மேலே டேப்பில் பெருக்கல் குறி. ஈரப் படியில் சுமையோடு பேசாதே. எவனாவது தூங்கி விழுந்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். கிரேனுக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அந்த அங்குலம் இன்று இவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கையெழுத்துக்கு இவர் எதுக்கு?" என்று வக்கீலின் காதில் கேட்டான்.

"தெரியலையேண்ணே" என்றாள் அவள். சிரிப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது.

இன்சூரன்ஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஐயா, கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். இன்னைக்குக் காலையில ஆபீஸ் போனப்பதான் எங்க கைக்கு வந்தது." லேப்டாப்பைத் திறந்து ஒரு வயரைச் சொருகினார். சுவரில் இருந்த டிவியில் ஒரு தெரு வந்தது.

கிரேனுடைய பழைய தெரு. ஒரு காருக்குள் உட்கார்ந்து எடுத்த படம். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி மூலையில் தெரிந்தது. இரண்டாவது மாடி வீட்டின் படியேற முடியாமல், இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்துக்கு மாறிய நாள். வாசலில் சின்ன லாரி நின்றது. பின்பக்கத்திலிருந்து ஒரு ஆள் தோளில் பெரிய பெட்டியோடு வந்தான். பெட்டியின் பக்கவாட்டில் அவன் மனைவியின் கொட்டைக் கையெழுத்தில் 'பாத்திரம்' என்று எழுதியிருந்தது. பெட்டிக்குக் கீழே இருந்த முகம், சந்தேகமே இல்லை, கிரேனுடையது.

"சுமை தூக்கவே முடியலைன்னு மனு போட்டவர் பாத்திரப் பெட்டியைத் தோள்ல வெச்சுக்கிட்டு ரெண்டு தெரு நடக்கறார்" என்றார் இன்சூரன்ஸ்காரர். அல்வா சாப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "காலையில பேசினதெல்லாம் வாபஸ். மனுவையே தள்ளுபடி பண்ணணும்னு கேட்டுக்கறோம்."

வக்கீலின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, என்னண்ணே இது?"

அந்தப் பெட்டியில் பாத்திரம் இல்லை. எதுவுமே இல்லை. அது காலிப் பெட்டி.

நடந்தது இதுதான். அன்று மச்சான், அதாவது அவன் மனைவியின் தம்பி, சாமான்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். மனைவி கட்டில் சட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். ஆயிரம் வீட்டை மாற்றிக் கொடுத்தவன் தன் வீடு மாறும்போது லாரியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். கீழ்வீட்டு ஓனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "என்ன கிரேன், இன்னைக்கு லீவா?" என்றார். தெருவே சிரித்தது. அவர்கள் சும்மாதான் சிரித்தார்கள். இவனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. லாரிக்குப் பின்னால் கிடந்த ஒரு வெறும் பெட்டியை எடுத்தான், டேப் போட்டு ஒட்டினான், தோளில் வைத்துக்கொண்டு எல்லாரும் பார்க்க நடந்தான். லாரியில் முன்னால் போயிருந்த மனைவி புது வீட்டு வாசலில் பதறிக்கொண்டு வந்தாள். "ஒண்ணும் கனம் இல்ல, தலையணைதான்" என்று சொல்லிவிட்டான். அதைக் கேட்டு அவள் முகத்தில் வந்த சந்தோஷம்! தலையணை தூக்குகிற அளவுக்குத் தேறிவிட்டாரே என்று அன்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

"இது நீங்கதானே?" என்று ஆணையர் கேட்டார்.

"நான்தாங்க."

"பெட்டியில என்ன இருந்தது?"

காலி என்று சொல்ல வாய் திறந்தான். பக்கத்தில் மனைவி, தலையணை என்று அவனே சொல்லட்டும் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் அங்குலம். ஃபிரிட்ஜைத் தூக்கியவன் வெறும் அட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நாடகம் ஆடினான் என்று இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? அப்படியே சொன்னாலும் எவன் நம்புவான்? திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"பதில் இல்ல" என்றார் இன்சூரன்ஸ்காரர் திருப்தியாக. அங்குலத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க. இந்த அளவுப் பெட்டியில பாத்திரம் வெச்சா எத்தனை கிலோ வரும்? அதை மட்டும் சொல்லுங்க."

"பாத்திரம்னா இருபத்தஞ்சு. எவர்சில்வர்னா முப்பது" என்றார் அங்குலம், மேஜையைப் பார்த்துக்கொண்டே.

"நன்றி. அது போதும்."

அத்தோடு விட்டிருந்தால் கிரேனின் கதை அன்றே முடிந்திருக்கும். ஆனால் ஜெயித்தவனுக்கு இன்னொரு தடவை ஜெயிக்க வேண்டும் என்று ஒரு ஆசை வருமே, அது இன்சூரன்ஸ்காரருக்கும் வந்தது. "ஐயா, எழுத்து நல்லாத் தெரியற இடம் ஒண்ணு இருக்கு, அதையும் பார்த்துடுங்க" என்று படத்தை மறுபடியும் ஓட்டினார். தெருமுனைக் காம்பவுண்டுச் சுவர் வந்தது. டிவியில் இருந்த கிரேன் பெட்டியை இறக்கிச் சுவர்மேல் சாய்த்து வைத்தான். பெட்டியின் மேல்பக்கம் கேமராவைப் பார்த்துத் திரும்பியது.

"நிறுத்துங்க!"

கத்தியது அங்குலம். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. டிவியிடம் போய் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்றார்.

"நீங்க கேட்டதுக்கு மட்டும்தான்..." என்று ஆரம்பித்தார் இன்சூரன்ஸ்காரர்.

"யோவ், இதுல என்னய்யா பாத்திரம்? இது காலிப் பெட்டி!" விரலால் திரையைத் தட்டினார். "டேப்பைப் பாருங்க. இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு, அந்த மூலையில இருந்து இந்த மூலைக்கு. பெருக்கல் குறி! சாமான் இருந்தா ஒரே கோடுதான் போடுவோம். என்கிட்ட வேலை கத்தவன் எவனும் சாமான் இருக்கற பெட்டிக்கு இப்படிப் போடமாட்டான். கையை வெட்டினாலும் போடமாட்டான்!"

கிரேன் திரையைப் பார்த்தான். பெருக்கல் குறி இருந்தது. எப்போது போட்டான்? அவனுக்கே நினைவில்லை. தெருவுக்கு முன்னால் பொய் காட்டுவதற்காகப் பெட்டியை எடுத்தவன், பத்தொன்பது வருடப் பழக்கத்தில், அடுத்து தூக்குகிறவன் ஏமாந்து விழக்கூடாதே என்று மறக்காமல் குறி போட்டு வைத்திருக்கிறான்! இப்படி ஒரு மடையன் லோடுமேன்களில் மட்டும்தான் இருப்பான்.

"இதெல்லாம் இவர் இப்பச் சொல்ற கதை" என்றார் இன்சூரன்ஸ்காரர். அவர் டை கொஞ்சம் கோணியிருந்தது.

"கதையா? உங்க ஃபைல்லயே இருக்கு பாருங்க. எங்க ஆளுங்களுக்கு ஒழுங்காப் பயிற்சி குடுத்தோம்னு காட்டறதுக்கு விதித்தாளை வாங்கிட்டுப் போனீங்களே!"

ஆணையர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். காகிதங்களைப் புரட்டினார். வக்கீல் கிரேனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிந்தது.

"ஏழாவது விதி" என்று ஆணையர் உரக்கப் படித்தார். "'காலிப் பெட்டியை ஒட்டும்போது டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டவும். கனம் இருக்கும் என்று எண்ணித் தூக்குபவர் நிலை தடுமாறி விழக்கூடும்.' படமும் போட்டிருக்கு."

"படம் நான் வரைஞ்சது" என்றார் அங்குலம்.

"அப்ப பாத்திரம்னு ஏன் எழுதியிருக்கு?" இன்சூரன்ஸ்காரர் விடவில்லை.

"அதை எழுதினது நான்." கிரேனின் மனைவி எழுந்து நின்றாள். "முதல்ல அதுலதான் பாத்திரத்தை அடுக்கினேன். அடியில அட்டை விட்டுப்போச்சுன்னு வேற பெட்டிக்கு மாத்திட்டு, இதை லாரிக்குப் பின்னாடி தூக்கிப் போட்டேன். அடி விட்டுப்போன பெட்டியில தலையணைகூட..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

அவனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"காலிப் பெட்டியை எதுக்குத் தூக்கினீங்க?" என்றார் ஆணையர். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது.

"வெட்கமா இருந்துச்சுங்க" என்றான் கிரேன். ஒரு சொல் வெளியே வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. "அவ கட்டில் சுமக்கறா. நான் கையை வீசிட்டு நடக்கணும். தெருவுல எல்லாரும் என்னைக் கிரேன்னுதான் கூப்பிடுவாங்க. என்னால முடியலைங்க. அதான் தூக்கினேன். அவகிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

அங்குலம் தொண்டையைக் கனைத்தார். அவர் இன்னும் டிவிக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"ஐயா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. முதல்ல இருந்து ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்க. இவன் எத்தனை இடத்துல நிக்கறான்னு எண்ணுங்க."

ஓட்டினார்கள். லைட் கம்பத்தடியில் பெட்டியோடு நின்றான்; ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இடது காலை உதறினான். காம்பவுண்டுச் சுவரில் பெட்டியை இறக்கினான். குனிந்தவன் நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று. புது வீட்டுக்கு நாலு வாசல் முன்னால் மூடியிருந்த கடையின் படியில் உட்கார்ந்தே விட்டான்.

"மூணு" என்றார் ஆணையர்.

"அந்தப் பெட்டி ஒரு கிலோகூட வராதுங்க. வெறும் அட்டை. ரெண்டு தெருவுல மூணு இடத்துல நிக்கறான்." அங்குலம் விரலால் திரையைக் காட்டினார். "ஃபிரிட்ஜை நாலு மாடி ஏத்தினவங்க இவன். வழியில ஒரு படியிலகூட நிக்கல. நான் பின்னாடியே வந்தேன்."

இன்சூரன்ஸ்காரர் லேப்டாப்பை மூடக் கையை நீட்டினார்.

"மூடாதீங்க" என்றார் ஆணையர். "டாக்டர் சர்ட்டிபிகேட்டை விட இது நல்ல ஆதாரமா இருக்கே. அவர் தரப்புலயும் இதைச் சேர்த்துக்கலாம், இல்லையா வக்கீலம்மா?"

"கண்டிப்பாங்க ஐயா!" வக்கீலின் குரல் பழையபடி மேலே ஏறிவிட்டது.

இன்சூரன்ஸ்காரர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நடப்பதும் நிற்பதும் கையை விரிப்பதும் தெரிந்தது. பத்து நிமிடம். கிரேனுக்கு அது பதினான்கு மாதத்தை விட நீளமாக இருந்தது. திரும்பி வந்தவர் டையைத் தளர்த்திக்கொண்டு, "காலையில சொன்னபடியே முடிச்சுக்கலாம்" என்றார்.

"காலையில சொன்னபடி இல்ல" என்றாள் வக்கீல். "பதினாலு மாசச் சம்பளமும் உண்டு. ஆபரேஷனுக்கு இந்த மாசத்துக்குள்ள தேதி. ரெண்டையும் இப்பவே எழுதுங்க, நாங்க இங்கேயே உட்கார்ந்திருக்கோம்."

எழுதினார்கள். கிரேன் ஒன்பது இடத்தில் கையெழுத்துப் போட்டான். வக்கீல் மேஜைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் கைதட்டினாள், எல்லாருக்கும் கேட்டது.

வராந்தாவில் அங்குலம் தனியாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடப்போகுதுண்ணே" என்றான் கிரேன்.

"எட்டு மாசத்துல ரிட்டையர் ஆகப்போறவனை என்ன பண்ணுவாங்க? வேணா என் பன்னிரண்டு விதியையும் அவங்களே புதுசா வர்றவனுக்குச் சொல்லிக் குடுக்கட்டும், பார்க்கலாம்." அவன் தோளைத் தட்டக் கை ஓங்கியவர், முதுகு நினைவு வந்து பாதியில் நிறுத்தி, காதைப் பிடித்துத் திருகினார். "கிலோகூட இல்லாத பெட்டியைத் தூக்கறான் பாரு, தோள்ல! அதுவும் வலது தோள்ல! வலது கை பிடிமானத்துக்கு வேணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிரேனுக்குச் சந்தோஷம் தொண்டை வரைக்கும் இருந்தது, பயமும் இருந்தது. கால் கிடைத்துவிட்டது, வீட்டில் என்ன கிடைக்கப்போகிறதோ.

பழைய வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஓனர் வழக்கம்போல கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பை அவள் தோளில் இருப்பதையும் இவன் வெறுமனே வருவதையும் பார்த்தார்.

"என்ன கிரேன், இன்னைக்கும் லீவா?"

கிரேனின் கை தன்னிச்சையாகப் பையை நோக்கிப் போனது. பிறகு இறங்கியது.

"லீவு இல்லைங்க. முதுகு போயிடுச்சு. ஒரு தலையணைகூடத் தூக்க முடியாது. இந்த மாசம் ஆபரேஷன்."

தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். ஓனர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, "அப்படியா? எனக்குத் தெரியாதேப்பா" என்றார். முன்பே சொல்லியிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

கொஞ்ச தூரம் போனதும் லைட் கம்பம் வந்தது. அவனுக்குக் கால் இழுக்க ஆரம்பித்திருந்தது. வழக்கம்போல வெளியே காட்டிக்கொள்ளாமல் பல்லைக் கடித்தான். அவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

"ஏன் நின்னுட்ட?"

"இங்கதானே முதல்ல நின்னீங்க?"

அவன் தலையசைத்தான். "நின்னது நடிப்பு இல்ல. நிஜமாவே வலிச்சுது."

"பார்த்தேனே." அவள் கண் நிறைந்திருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கம்பத்தைப் பிடிச்சுக்கோங்க. ஒண்ணும் அவசரம் இல்ல. அடுத்தது அந்தக் காம்பவுண்டுச் சுவர்தானே? அங்கயும் நிக்கலாம்."

கிரேன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், எல்லாரும் பார்க்க. வலி அடங்கியதும் இருவரும் புறப்பட்டார்கள். பை அவள் தோளிலேயே இருந்தது. அவன் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு அவள் பக்கத்தில் நடந்தான்.